இல்லத்துப் பட்டறையில் ஆகாய விமானம்

சீவக சிந்தாமணியைக் கற்றோர் யாவரும் மயிற்பொறியை அறிவர். சச்சந்தன் என்னும் வேந்தன் தனக்கு நேரவிருந்த தீங்கினை முன்னுணர்ந்து, கருவுற்றிருந்த தன் தேவி விசயையைக் காத்தற்பொருட்டு, வானிற் பறக்கும் மயில் வடிவான பொறியொன்றைக் கம்மியனைக் கொண்டு இயற்றுவித்தான். விசயை அப்பொறியை வலமும் இடமுமாகத் திருகி ஏறவும் இறங்கவும் பயின்றாள்; ஆயினும் அதனைச் செய்தவள் அவளல்லள். செய்தவன் ஒருவன், உயிரை அதனிடம் ஒப்புவித்தவள் வேறொருத்தி. இன்று ஊர்தியிற் செல்லும் நம் நிலையும் இதுவே. செய்த கைகள் எவையென்று அறியாமலே ஏறி அமர்கின்றோம். அறிய வேண்டுமென்று எண்ணுவதும் இல்லை.

ஆனால் மேலை நாடுகளில், சிறப்பாக அமெரிக்க ஐக்கிய நாடுகளில், செய்பவனும் ஏறுபவனும் ஒருவனேயாய் நிற்கும் வழக்கம் ஒன்று உளது. ஆசிரியரும் மருத்துவரும் வணிகரும் தம் வீட்டை அடுத்த மோட்டார்க் கொட்டிலிலே இருக்கை இரண்டோ நான்கோ உடைய விமானத்தைத் தம் கையாற் கூட்டி, தாமே அதிற் பறக்கின்றனர். அவ்வேலையில் ஒரு பகுதியை, அதாவது பாதி கட்டப்பட்டு வந்து சேரும் உடற்கூட்டை மேற்கொண்டு கூட்டத் தொடங்கும் முறையை, விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வழக்கம் புதியதன்று. பிரேசில் நாட்டவராகிய சான்டோஸ் டூமான்ட் பாரிஸ் நகரில் இயற்றிய 'டெமாயிசெல்' என்னும் சிறு விமானத்தின் வரைபடங்கள் 1910-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பத்திரிகையொன்றில் எவரும் பார்த்துச் செய்துகொள்ளுமாறு வெளிவந்தன. 1929-ஆம் ஆண்டில் மின்னசோட்டா மாகாணத்துப் பெர்னார்டு பீட்டன்போல் என்பவர், போர்டு மோட்டார் வண்டியின் இயந்திரத்தையே மரச்சட்ட விமானமொன்றிற் பொருத்திப் பறக்கச் செய்தார். பிரான்சு தேசத்து ஹென்றி மின்யே என்பவர் 1934-இல் வெளியிட்ட நூலைக் கண்டு பலர் 'வானத்துத் தெள்ளுப்பூச்சி' என்னும் சிறு விமானத்தைத் தம் இல்லங்களிற் கட்டினர். ஆனால் அதன் முன்சிறகும் பின்சிறகும் அமைந்த முறையில் மறைந்திருந்த குறையால் உயிர்ச்சேதங்கள் நேரவே, 1936-இல் இங்கிலாந்தில் அது பறத்தல் தடுக்கப்பட்டது. ஆர்வம் மட்டும் ஒருவனை வானில் தாங்காது என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்திற்று. 1953-இல் பால் போபரெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரில் இத்தகைய விமானம் கட்டுவோர்க்கெனச் சங்கம் ஒன்றை நிறுவினார். 1970-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ரிச்சர்டு வான்கிரன்சுவென் என்பவர் ஆரிகன் மாகாணத்தில் தொடங்கிய 'வான்ஸ் ஏர்கிராப்ட்' என்னும் நிறுவனம், விமானத்தின் உறுப்புக்களையெல்லாம் தகடாகவும் சட்டமாகவும் வெட்டிப் பெட்டிகளில் அடைத்து விற்பதிற் பெயர்பெற்றது. அந்நிறுவனத்தின் ஆர்.வி.-7 என்னும் விமானத்தையே ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வாம். அஃது இருவர் அருகருகே அமர்வது. சிறகின் அகலம் 25 அடி. பறக்குங்கால் ஏற்கத்தக்க முழு நிறை 1,800 பவுண்டு.

இதனை வாங்குவோர்க்கு இரு வழிகள் உள. ஒன்று, தனித்தனித் தகடுகளாகப் பெற்று முதலிலிருந்து இறுதிவரை தாமே கட்டுதல். இதற்கு ஏறத்தாழ 1,500 மணி நேரம் முதல் 2,000 மணி நேரம் வரை உழைக்க வேண்டும் என்பது கட்டுவோர் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மாலையிலும் வார இறுதியிலும் மட்டுமே ஓய்வுடைய ஒருவனுக்கு இது பல ஆண்டுகளாகும். மற்றொன்று, 'விரைவுக்கட்டு' எனப்படும் தொகுதியை வாங்குதல். இதில் உடற்கூடும் சிறகும் ஒரு பகுதி வரையில் தொழிற்சாலையிலேயே கூட்டப்பட்டு வரும். விலையும் அதற்கேற்ப உயரும்.

இங்கே சட்டம் குறுக்கிடுகின்றது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதிப்படி, இத்தகைய விமானத்தின் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே செய்தவரே அதற்குரிய அனுமதியைப் பெறுவர். பேச்சு வழக்கில் இதனை 'ஐம்பத்தொரு விழுக்காட்டு விதி' என்பர். ஆகவே தொழிற்சாலை எவ்வளவு செய்யலாம், வாங்கியவன் எவ்வளவு செய்தல் வேண்டும் என்பன முன்கூட்டியே பட்டியலிட்டுக் கணக்கிடப்படுகின்றன. கட்டுவோன் ஒவ்வொரு நாளும் தான் செய்த வேலையைத் தேதியுடன் நாட்குறிப்பில் எழுதிப் புகைப்படமும் எடுத்து வைக்கின்றான். பின்னாளில் பரிசோதகர் வந்து 'இதனைச் செய்தவன் நீதானோ?' என்று வினவுங்கால் அக்குறிப்பே சாட்சியாக நிற்கும்.

இனி, உடற்கூடு யாதென்று அறிதல் வேண்டும். பழைய விமானங்களில் மரத்தாலோ குழாயாலோ ஆகிய எலும்புக்கூடு முழுப் பாரத்தையும் தாங்க, மேலே போர்த்த துணி காற்றை மட்டும் தடுத்தது. ஆர்.வி.-7 போன்ற உலோக விமானங்களில் போர்வையும் பாரம் தாங்கும். மெல்லிய அட்டையைக் கையிற் பிடித்தால் வளைந்துவிடும்; அதனையே பெட்டியாக மடித்து ஒட்டினால் கனமான புத்தகங்களைத் தாங்கும். அதுபோல, ஓர் அங்குலத்தில் நாற்பதில் ஒரு பங்கு அளவே தடிப்புள்ள அலுமினியக் கலவைத் தகடும், குறுக்குச் சட்டங்களோடும் நெடுஞ்சட்டங்களோடும் ஆணிகளால் இறுகப் பிணைக்கப்பட்டபின் வலியதொரு கூடாகின்றது. பாரம் ஓரிடத்தில் நில்லாது ஆணிக்கு ஆணி பகிர்ந்து செல்கின்றது. இவ்விமானத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட ரிவெட்டு ஆணிகள் உள. எனவே ஆணி ஒவ்வொன்றும் சிறிதாயினும் எதுவும் அற்பமன்று.

விரைவுக்கட்டு உடற்கூடு பெரியதொரு மரப்பெட்டியில் வந்து சேரும். இயந்திரத்துக்கும் இருக்கைக்கும் இடையே நிற்கும் துருவேறா எஃகுத் தீத்தடுப்புச் சுவர், அடித்தகடு, பக்கத்தகடுகள், குறுக்குச் சட்டங்கள், வாலை நோக்கிக் குறுகிச் செல்லும் பின்கூம்பு ஆகியவை ஒன்றாகப் பிணைக்கப்பட்டு, முதற் பார்வைக்குப் பறவையின் உடல்போலவே தோன்றும். கண்டவர் 'வேலை முடிந்தது போலும்' என்பர். ஆனால் உள்ளே இருக்கை இல்லை, மிதிகள் இல்லை, கட்டுப்பாட்டுக் கோல் இல்லை, எண்ணெய்க் குழாய் இல்லை, மின்கம்பி இல்லை, மேலே கண்ணாடிக் கூடாரமும் இல்லை. கூடு கிடைத்தது, உயிர்நிலைகள் யாவும் இனித்தான் அமைய வேண்டும்.

முதல் நாள் செய்யத்தக்கது ஆணியடித்தல் அன்று, எண்ணுதல். பெட்டியில் உள்ளவற்றை இடாப்போடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பையிலும் உள்ள ஆணி, போல்ட்டு, நட்டு ஆகியவற்றை எண் பார்த்துத் தனித்தனிக் கிண்ணங்களில் இட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்தல் வேண்டும். குறைந்த பொருளை உடனே தெரிவித்தாலன்றிப் பின்னர் வழக்காடுதல் அரிது. அடுத்து, கூட்டை உறுதியான தாங்கியின்மேல் நிறுத்தி, விளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு உள்ளும் புறமும் நோக்குதல் வேண்டும். வழியில் நசுங்கிய இடம் உண்டோ, ஆணித்தலை தகட்டோடு படியாமல் இடைவெளி தோன்றுகின்றதோ, துளையின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டோ, பூச்சின் கீழே அரிப்புப் படர்ந்துளதோ என்று ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக் குறித்துக்கொள்வர். இப்பரிசோதனைக்குச் சில மாலைப்பொழுதுகள் கழிந்தாலும் அவை வீண்போனவை அல்ல.

அப்பாற் செய்யும் வேலை ஒவ்வொன்றிலும் ஒரே வகையான படிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலில், இரு தகடுகளையும் சேர்த்து வைத்துக் 'கிளீக்கோ' எனப்படும் விற்சுருள் பிடிப்பான்களால் தற்காலிகமாகப் பிணைப்பர். தையற்காரர் துணியை முதலில் ஓட்டுத்தையல் இட்டுப் பார்ப்பது போன்றது இது. துளைகள் தொழிற்சாலையிலேயே இடப்பட்டிருத்தலின் ஒன்றோடொன்று பொருந்தும். அவற்றை உரிய அளவுக்குச் சற்றே விரித்துத் துளைப்பர். பின்னர் யாவற்றையும் மீண்டும் பிரிப்பர். புதியோர்க்கு இது வியப்பாகத் தோன்றும். கூட்டியதைப் பிரிப்பானேன் எனின், துளைத்தவிடத்தில் எழுந்த பிசிறுகளை நீக்குதற்கேயாம். பிசிறு இருந்தால் தகடுகள் ஒன்றோடொன்று படியா. அதனினும் கொடியது, கூரிய ஓரத்திலும் கீறலிலும் உலோகம் சோர்ந்து வெடிப்புத் தொடங்குதல் ஆகும். 1954-ஆம் ஆண்டில் 'காமெட்' என்னும் பிரயாணி விமானங்கள் இரண்டு வானிலேயே சிதைந்தமைக்குக் காரணம், திறப்புக்களின் ஓரங்களிலே உலோகச் சோர்வால் தோன்றிய வெடிப்பே என்று விசாரணையில் வெளிப்பட்டது. காற்றழுத்தம் ஏற்றப்பட்ட அப்பெரு விமானங்களுக்கும் நம் சிற்றூர்திக்கும் வேறுபாடு பெரிது. ஆயினும் துளையின் ஓரம் மழுங்கியிருக்க வேண்டும் என்னும் நியதி இரண்டுக்கும் ஒன்றே. அதனாலன்றோ அலுமினியத் தகட்டில் ஊசியாற் கீறிக் குறியிடுவதும் தவிர்க்கப்படுகின்றது! பென்சிலால் எழுதுவதும் கூடாது. அதிலுள்ள காரீயம் எனப்படும் கரிப்பொருள் அலுமினியத்தோடு சேர்ந்து அரிப்பை உண்டாக்கும். மைப்பேனாவே தக்கது.

பிசிறு நீங்கியபின், வெளிப்புறத்தில் காற்றுக்கு இடையூறின்றி ஆணித்தலை தகட்டோடு சமமாக நிற்றற்பொருட்டு, துளையைச் சுற்றிச் சிறு குழிவு அழுத்துவர். பின்னர் உட்பரப்பைக் கழுவித் துடைத்து, அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சுப் பூசுவர். அது காய்ந்தபின் மீண்டும் கிளீக்கோக்களாற் பிணைத்து, கடைசியாகவே ஆணியடித்தல் நிகழும்.

ஆணியடித்தல் இருவர் வேலை. வெளியே ஒருவர் காற்றழுத்தத்தால் இயங்கும் சுத்தியைத் தலையின்மேல் வைக்க, உள்ளே மற்றொருவர் வழவழப்பான கனத்த இரும்புக் கட்டியை ஆணியின் வாலில் முட்டுக்கொடுத்து நிற்பார். சுத்தி அதிரும்போது வால் நசுங்கி அகன்று இரண்டாந்தலையாகின்றது. அடிக்குமுன் வால், ஆணியின் குறுக்களவைப்போல் ஒன்றரை மடங்கு வெளியே நீண்டிருத்தல் வேண்டும். அடித்தபின் அதன் அகலம் குறுக்களவில் ஒன்றரை மடங்கும் உயரம் அரை மடங்கும் இருப்பதே முறை. அதாவது ஓர் அங்குலத்தில் 32-இல் 3 பங்கு குறுக்களவுள்ள ஆணிக்கு, வாலின் உயரம் 64-இல் 3 பங்காதல் வேண்டும். அளவுகருவி கொண்டு இதனைச் சோதிப்பர். இருவரும் ஒருவரையொருவர் காணவியலாது. இடையே தகடு மறைக்கும். ஆதலின் 'ஆயத்தமா?' 'ஆம்' என்னும் இரு சொற்களை நம்பியே வேலை நடைபெறும். கணவனும் மனைவியும், தந்தையும் மகளும் இவ்வாறு மாலைதோறும் இசைந்து உழைத்தல் அங்கே பெருவழக்கு.

ஆணி வளைந்துவிட்டால் என் செய்வது? அதன் தலையின் நடுவிற் பதமாகத் துளையிட்டுத் தலையை அகற்றி, வாலை மெல்லத் தட்டி வெளியேற்றிப் புதியதை இடுவர். ஆனால் கை பழகாதவர் பலமுறை பிடுங்கினால் துளையே சிதைந்து, முன்னினும் பெரிய ஆணி தேவைப்படும். ஆகவே சிறிதே குறைபட்ட ஆணியை நீக்குவதா, விட்டுவைப்பதா என்று ஆய்தல் இத்தொழிலின் அரிய அறிவாகும். நிர்ணயிக்கப்பட்ட எல்லைக்குள் இருப்பதை விட்டுவைத்தலும், எல்லை கடந்ததை எத்துணை இடராயினும் நீக்கலுமே விதி. அழகை விரும்பி நல்லதைக் கெடுத்தலும், சோம்பி அல்லதை மறைத்தலும் ஒருங்கே தவறாம். பெரும்பாலோர் வால்பகுதியை முதலில் தனித்தகடுகளிலிருந்து கட்டிக் கைபழகிய பின்னரே உடற்கூட்டைத் தொடுகின்றனர்.

நிற்க. உடற்கூட்டு வேலையில் வரிசையறிவு மிக இன்றியமையாதது. 'இதனை மூடியபின் என் கை எங்கே செல்லும்?' என்பதே எப்போதும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. தரைத்தகட்டை முதலில் பொருத்திவிட்டால், அதன்கீழ்ச் செல்லும் குழாயையும் கம்பியையும் பின்னர் இடல் அரிது. ஆகவே தடைக்குரிய குழாய்கள், எண்ணெய்க் குழாய்கள், சுக்கான் மிதிகள், கட்டுப்பாட்டுக் கோல்களும் அவற்றின் தள்ளுகோல்களும், மின்கம்பிகளுக்குரிய வழிகள் ஆகியவற்றை முன்னரே அமைத்து, முன்புற மேற்றகட்டைக் கூடியவரை பின்னுக்குத் தள்ளி வைப்பர். குழாய் ஒன்றையொன்று உராயாமலும், கோல் முழுவதும் அசையுங்கால் எதனோடும் முட்டாமலும் இருக்கின்றதா என்று பலமுறை அசைத்துப் பார்ப்பர். போல்ட்டுக்களை முறுக்கை அளந்து காட்டும் திருகுகோலால் உரிய அளவுக்கே இறுக்கி, இறுக்கியதற்கு அடையாளமாக நட்டின்மேல் ஒரு வண்ணக்கோடு இடுவர். பின்னாளில் அக்கோடு பிளந்திருப்பின் நட்டு நெகிழ்ந்தது என்பது கண்டவுடன் விளங்கும்.

இவ்வளவும் தன் கைவேலையைப் பற்றியது. பிறர் கைவேலையைப் பற்றி யாது சொல்வது? விரைவுக்கட்டுத் தொகுதியை வாங்கியவனுக்கு இதுவே கடினமான கேள்வி. 2023-ஆம் ஆண்டில் வான்ஸ் நிறுவனம், தான் அனுப்பிய உறுப்புக்கள் பலவற்றில் துளைகள் வழக்கம்போல் அச்சால் குத்தப்படாமல் லேசர் ஒளிக்கதிரால் வெட்டப்பட்டன என்றும், அவற்றிற் குழிவு அழுத்துங்கால் சிலவற்றில் வெடிப்புத் தோன்றியது என்றும் ஒப்புக்கொண்டது. சில விரைவுக்கட்டுக் கூடுகளில் அடிப்பூச்சின் குறையால் அரிப்பும் காணப்பட்டது. பரிசோதனைகள் செய்து, எவை பயன்படும், எவை மாற்றத்தக்கன என்று அந்நிறுவனம் அறிவித்தது. இவற்றால் வந்த செலவும் பிற நெருக்கடிகளும் சேர்ந்து, ஒரு சில ஆண்டுகளிலேயே திரண்ட சுமையாகி, 2023 டிசம்பர் மாதத்தில் அது நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாட நேரிட்டது. 2024-இல் அந்நிலையினின்று மீண்டது.

அப்போது தம் பட்டறையில் அக்கூடுகளை வைத்திருந்தவர்களின் நிலையைச் சிந்தித்தல் வேண்டும். சிலர் ஆணியடித்து மூடிய பகுதிகளுள்ளும் அத்தகைய துளைகள் இருந்தன. நூற்றுக்கணக்கான மணி நேரம் உழைத்துக் கட்டியதைப் பிரிப்பதா? பரிசோதனை முடிவை நம்பி மேற்செல்வதா? எவரும் அவர்களுக்காக முடிவு செய்ய இயலாது. பொருளை அனுப்பியவர் தம் கருத்தைக் கூறலாம். பரிசோதகர் கண்ணுக்குப் புலனாவதைப் பார்க்கலாம். விமானத்தில் ஏறி அமர்வோன் கட்டியவனே. அவன் அருகில் அமர்வோர் அவன் மனைவியோ மகனோ நண்பனோ ஆவர். பிறர் செய்த பகுதியாயினும், அதனைத் தன் விமானத்தின் உறுப்பாக ஏற்றுக்கொண்ட நாள்முதல் அதற்கும் அவனே பொறுப்பாளி. ஆதலின் முதல் நாள் விளக்கேந்தி வரிசை வரிசையாகப் பார்க்கும் அப்பரிசோதனை வெறும் சடங்கன்று. 

சட்டமும் இதனையே வேறொரு வகையாற் கூறுகின்றது. இவ்விமானத்தில் 'பரிசோதனைக்குரியது' என்னும் சொல் ஏறுவோர் காணுமாறு எழுதப்பட்டிருத்தல் வேண்டும். சாதாரண விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு இஃது உட்பட்டதன்று என்னும் எச்சரிக்கையும் உள்ளே இருத்தல் வேண்டும். முதன்முதற் பறக்கும் நாள்தொட்டு, குறிக்கப்பட்ட எல்லைக்குள்ளே பெரும்பாலும் 25 அல்லது 40 மணி நேரம் சோதனைப் பறத்தல் நிகழ்த்திய பின்னரே பிரயாணியை ஏற்றிச் செல்லும் உரிமை கிட்டும்.

கோபுரம் கட்ட விரும்புவோன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்கிட வேண்டும் என்னும் கருத்தை நம் ஆண்டவர் உவமையாக அருளியுள்ளார். விமானம் கட்டுவோர்க்கும் அவ்வுவமை நன்கு பொருந்தும். இங்கே செலவென்பது பணம் மட்டுமன்று. பல ஆண்டு மாலைப்பொழுதுகளும் அச்செலவில் அடங்கும். தொடங்கினோர் பலர் இடையிலே விட்டுவிடுதலும், பாதி முடிந்த கூடுகள் கைம்மாறி விற்கப்படுதலும் அங்கே அரிய காட்சி அல்ல. முடித்தவர்களோ நாளொன்றுக்கு ஒரு சிறு வேலையேனும் தவறாது செய்தவர்களே என்று கூறுகின்றனர்.

நம்முள் விமானம் கட்டப்போவோர் சிலரேயாதல் கூடும். ஆனால் பிறர் தொடங்கிய வேலையை ஏற்று முடிக்கும் நிலை எல்லார்க்கும் உண்டு. முன்னோர் நிறுவிய கல்விச்சாலையும், பிறர் வகுத்த பாடமும், மற்றொருவர் எழுதி வைத்த கணக்கும் பாதி கட்டிய கூடாகவே நம் கைக்கு வருகின்றன. அவற்றைக் கண்மூடி ஏற்றலும் தகாது. பிறர் செய்தது என்று இகழ்ந்து பிரித்தலும் தகாது. ஆய்ந்து ஏற்று, குறையைத் திருத்தி, அதன்மேற் கட்டுதலே தக்கதாம்.

விமானம் முற்றுப்பெற்றபின் அதன் உடற்கூட்டில் தீயினால் அழியாத சிறு உலோகப் பட்டயம் ஒன்று பொறிக்கப்படும். செய்தவர் பெயர் என்னும் இடத்தில், பெட்டியை அனுப்பிய நிறுவனத்தின் பெயர் அதில் வாராது. பட்டறையில் நின்று கட்டி முடித்தவனின் பெயரே அதில் எழுதப்படுகின்றது.